பெயர் போன கோப்புகள்

அரசரடி டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது ஏழு பத்துக்கு.
தெரு மொத்தமும் ஒரு அய்யய்யோ சொல்லி அடங்கியது.
கரண்ட் திரும்பியதும் எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றியது.
என் கம்ப்யூட்டர் மட்டும்
மூன்று முறை கத்திவிட்டு முகம் கறுத்தது.

நாளைக்கு இருபதாம் தேதி.
வெண்கலக்கடைத் தெரு பம்புசெட் கடை,
கீழவாசல் செருப்புக்கடை, இரண்டு பேக்கரி,
மாசா மாசம் பில்லைத் தொலைத்துவிட்டு வரும்
பிளைவுட் அந்தோணிசாமி,
இன்னும் ரெண்டு.
ஏழு கடையின் வரவும் வரியும்
தையல் மிஷினுக்குக் கீழே
அந்தத் தகரப் பெட்டிக்குள் கிடந்தன.

காதர் மைதீனுக்குப் போன் அடித்தேன்.
மேலூரில் கல்யாண வீட்டில் இருந்தான்.
பின்னால் நாற்காலி இழுக்கும் சத்தம்.
"எத்தன தடவ கத்துதுக்கா?"
"மூணு."
"அப்ப உசுரு இருக்கு. பிள்ளைட்ட ரப்பர் இருக்கா?"

ஷைனியின் பென்சில் டப்பாவில்
ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர்.
தேஞ்சு போயிரும்மா என்று அழுதாள்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
மெமரி அட்டையை நெம்பி எடுத்து
அதன் பொன்னிறப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்.
உள்ளே நாலு வருஷத்துத் தூசி. பல்லிமுட்டை ஓடு ஒன்று.
வீட்டை அன்றாடம் பெருக்குகிறவள் நான்.

திரும்ப மாட்டினேன். கத்தவில்லை.
கறுப்புத் திரையில் ஒற்றைக் கோடு மட்டும்
விட்டு விட்டு மின்னியது,
கடன் கேட்க வந்தவர்
வாசலில் நின்று செருமுவது போல.

பத்தரைக்குக் காதரே வந்துவிட்டான்,
சட்டையெல்லாம் பிரியாணி மணம்.
வீட்டுச் சாவியோடு கோத்திருந்த பென்டிரைவைச் செருகி
பெட்டியை அதிலிருந்து எழுப்பினான்.
"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. விலாசந்தான் போச்சு.
எது எங்கிட்டு இருக்குன்னு அதுக்கே தெரியல.
பொறுக்கி எடுக்கும், விடியிற வரைக்கும் அமத்திப்புடாதீக.
ஆனா பேரு வராதுக்கா. நம்பர்தான்."
முந்நூறு கொடுத்தேன்.
பெட்ரோலுக்கு நூறு எடுத்துக்கொண்டான்.

மூன்று சதவீதம். மூன்று சதவீதம். நாலு.
செல்வினுக்குக் கப்பலூரில் நைட் ஷிஃப்ட்.
காய்ச்சல் பிள்ளைக்குப் பக்கத்தில் விரிப்பது போல்
திரைக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன்.
கண் அசந்தபோது பதினேழு.

காலையில் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு கோப்புகள்,
பெயர் போய், எண்ணை மாட்டிக்கொண்டு.
திறந்து முகம் பார்த்துத்தான்
இன்னார் என்று சொல்ல வேண்டும்.
311, பம்புசெட், ஆகஸ்ட்.
312, யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு.

காதர் ஒன்றைச் சொல்ல மறந்திருந்தான்:
அந்த மென்பொருளுக்குத்
தொலைந்தது எது
தூக்கிப் போட்டது எது என்று தெரியாது.

2087. செல்வினின் பயோடேட்டா.
மஸ்கட் கம்பெனி ஒன்றுக்கு, ஜனவரித் தேதி போட்டு.
2088-ம் அதுதான். 2089-ம்.
மூன்று தடவை எழுதி
மூன்று தடவை அழித்திருக்கிறார்.
ஜனவரியில்தான் நாங்கள் கட்டில் வாங்கினோம்.

ஷிஃப்ட் முடிந்து வந்து
அந்தக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்,
ஒரு கால் வெளியே.
அனுபவம் என்ற இடத்தில்
பதினோரு வருஷத்துக்கு ஒரே ஒரு ஒன்று.
மூன்றிலும் அப்படியே.

மூன்று மணி வரை ஏழு கடைக்கும் கணக்குக் கட்டினேன்.
அரசாங்கத் தளம் சுற்றியது, நின்றது, சுற்றியது.
அந்தோணிசாமியின் பில்லில் ஒன்று
அப்போதும் குறைந்தது.

பிறகு 2089-ஐத் திறந்தேன்.
அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒன்று அடித்தேன்.
செல்வின் என்று பெயர் வைத்தேன்.
திரை முகப்பிலேயே விட்டேன்,
ஷைனியின் ஞானஸ்நானப் படத்தில்
அவள் கன்னத்துக்கு மேலாக.

நாலரைக்கு எழுந்து முகம் கழுவி
"சரியாயிருச்சா?" என்றபடி நாற்காலியை இழுத்தார்.
நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கினேன்.
ஒரு கிளிக்.
இன்னொன்று.
அப்புறம் அந்தப் பெட்டிக்குள்
சின்ன ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.