பதினெட்டு டாலர்

அக்டோபர் கடைசியில், வின்னிபெக்கில்,
ஒரு பீட்சா விளம்பரத்தாளின் முதுகில் கோடு கிழித்தேன்.
இடது பக்கம் கார்.
வலது பக்கம் பஸ்.

தவணை இருநூற்று அறுபத்தெட்டு.
காப்பீடு நூற்று நான்கு.
பெட்ரோல், குத்துமதிப்பாக, நூற்றுத் தொண்ணூறு.
மருத்துவமனையில் நிறுத்த எண்பத்தைந்து.
அவர்கள் படுக்கை விரிப்பைத்தான் துவைக்கிறேன்,
இருந்தாலும் நிறுத்தினால் காசு.
பனிக்கால டயரைப் பன்னிரண்டால் வகுத்து அறுபது.
ராத்திரி எஞ்சின் உறைந்துபோகாமலிருக்க
வாசல் கம்பத்துப் பிளக்கில் மாட்டிவைக்க
வீட்டுக்காரருக்குப் பதினெட்டு.

யானையை வாங்கிவிடலாம்,
கட்டித் தீனி போடுவதுதான் பாடு.
என் யானைக்குத்
தூங்குவதற்கும் கரண்ட் வேண்டும்.

எழுநூற்று இருபத்தைந்து.
இதில் முன்கண்ணாடி விரிசல் சேராது.
செப்டம்பரில் ஒரு ஜல்லி லாரி தெறித்துவிட்டுப் போனது,
விரல் நீளம்.
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

வலது பக்கம் ஒரே வரி:
மாதப் பாஸ், நூற்றுச் சொச்சம்.
மிச்ச வெள்ளையில் ஜோவி ஒரு பென்குயின் வரைந்தாள்.

நெஸ்டர் தாளை இரண்டு தடவை பார்த்தான்.
"உன் காலை எங்கே எழுதியிருக்கிறாய், லிகாயா?" என்றான்.
எட்டு மணி நேரம் நிற்கிற கால்.
நான் பதில் சொல்லாமல் சோறு வடித்தேன்.

கெர்ஹார்ட் பென்னர் என்பவர் வந்து வாங்கிப்போனார்.
விரிசலைத் தொட்டுக் காட்டி முந்நூறு குறைத்தார்.
ஆக, அவர் தாளில் அது எழுதியிருந்தது.
மீதிக் கடன் அடைந்தது.
கையில் நின்றதில் ஒரு ஜோடி பூட்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் ஆறு மணிக்கு.
முதல் பஸ் ஆறே முக்காலுக்கு.
டாக்ஸி இருபத்திரண்டு,
மாதத்துக்கு நான்கு ஞாயிறு, சில மாதம் ஐந்து.
பென்குயின் காலடியில் எழுதிவைத்தேன்.

ஜனவரியில் மைனஸ் முப்பத்தொன்று.
நிறுத்தத்தில் ஹீட்டர் வைத்த கண்ணாடிக் கூண்டு.
அதற்குள் ஒருவர் குடியிருக்கிறார்,
இரண்டு போர்வை, ஒரு தள்ளுவண்டி, ஒரு வாளி.
மைனஸ் இருபது வரை நான் வெளியே நிற்பேன்,
அடுத்தவர் படுக்கையறைக்குள் எப்படிப் போவது?
அன்று அவரே வண்டியை ஓரம் தள்ளினார்.
காலை மடக்கிக்கொண்டார்.
பஸ் வரும்வரை இருவரும்
ஆளுக்கொரு பக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ்ஸில் நான் தூங்குகிறேன்.
இதைச் சொல்லியாக வேண்டும்.
பன்னிரண்டு வருடமாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
தூங்காமலிருக்க முனகிக்கொண்டு போனவள்
இப்போது ஜன்னலில் தலை சாய்த்து
முழுசாக முப்பத்தைந்து நிமிடம் தூங்குகிறேன்.
சமையலறையில் வேலை செய்கிற டெஸ்தா
என் நிறுத்தம் வந்ததும் முழங்கையால் இடிப்பாள்.
அவள் வராத நாளில் ஓட்டுநர்
கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து
ஹாரன் அடிப்பார், சின்னதாக.

மாதம் ஐந்நூறாவது மிஞ்ச வேண்டும் என்கிறது தாள்.
பிப்ரவரியில் தேடிப் பார்த்தேன்.
ஜோவியின் பல்லில் கம்பியாக இருந்தது கொஞ்சம்.
இலோய்லோவில் அண்ணன் வீட்டுக் கூரையில் கொஞ்சம்.
வாடகை ஏறியதில் கொஞ்சம்.
மீதி எங்கே என்று நெஸ்டரும் கேட்கவில்லை.

மார்ச்சில் ஒருநாள் சேற்றுப் பனியை வாரி
என் கோட்டில் அடித்துவிட்டுப் போனது ஒரு கார்.
திட்ட வாயெடுத்தேன்.
என் கார்.
சிக்னலில் நின்றபோது பார்த்தேன்,
விரல் நீளம் இருந்த விரிசல்
இப்போது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.
பென்னர் கையை ஆட்டினார்.
நானும் ஆட்டினேன்,
கொஞ்சம் லேசாக,
கடன்காரர் வீட்டைத் தாண்டிவிட்டவள் போல.

வீட்டு வாசலில் கம்பம் நிற்கிறது,
ஒயர் தொங்க.
பிளக் வாடகையை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.
ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஜூன் வரை என்றார் வீட்டுக்காரர்.

மாதம் பதினெட்டு.
எந்தப் பக்கத்தில் எழுத?
பென்குயின் வயிற்றில் எழுதினேன்.
அங்கேதான் இடமிருந்தது.