பெல்லந்தூரில் ஓர் ஆலா

புயல் சென்னைக்கு வடக்கே கரையேறி
மூன்றாம் நாள்
எங்களுக்கு வந்துசேர்ந்தது தூறல் மட்டும்.
தூறலோடு, சி பிளாக் மொட்டைமாடியில்
சோலார் தகட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே,
இது.
காவலுக்கு நிற்கும் ஹாடிபந்து போனில் சொன்னான்:
"காக்கா மாதிரி மேடம். ஆனா காக்கா இல்ல."

மேலே கரி, கீழே சுண்ணாம்பு.
பிளவுபட்ட வால், ஒரு பக்கம் ஒடிந்தது.
ஆலா, அதில் சந்தேகமில்லை.
எந்த ஆலா என்பதில்தான்
அன்று காலை முழுக்கப் போயிற்று.

நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப்
பின்னால் ஒரு கோடாய் ஓடினால்
கடிவாள ஆலா. கரையோரம் அவ்வப்போது தென்படுவது.
கண்ணோடு நின்றுவிட்டால் மற்றது.
சில மில்லிமீட்டர் வித்தியாசம்.
அதுவும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பறவையிடம்.

ஈரத்தில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு.
துண்டில் பொதிந்து வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து
காயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
காய்ந்த பிறகும் முதுகு பழுப்பாகவில்லை.
உச்சந்தலைக்கும் முதுகுக்கும்
ஒரே அடுப்பின் புகை.
வெள்ளை, கண்ணின் விளிம்பு வரை வந்து
நின்றுவிட்டிருந்தது,
சொல்ல வந்ததை விழுங்கியவள் போல.

கரி ஆலா.

புத்தகத்தில் இதன் வரைபடம்
பூமியின் இடுப்பைச் சுற்றி ஒரு நீலக் கச்சை.
நிலம் என்று அதற்கு இருப்பவை சில கடுகுகள்:
முட்டையிட மணல்திட்டு,
லட்சத்தீவுப் பக்கம் ஒன்று.
கூட்டை விட்ட குஞ்சு வருடக்கணக்கில் கால் ஊன்றாதாம்.
தண்ணீரிலும் உட்காராது, இறகு நனைந்து கனக்கும்.
பறந்துகொண்டே தூங்குகிறது என்கிறார்கள்.
யார் பார்த்தது.

என் வேலையும் வரைபடம்தான்.
சாப்பாடு கொண்டுபோகும் ஒரு கம்பெனிக்கு
எந்தத் தெரு வரை பிரியாணி சூடாகப் போகும் என்று
கோடு போடுகிறேன்.
வெளியே இருப்பவர்களுக்கு
'உங்கள் பகுதியில் சேவை இல்லை' என்று வரும்.
அவர்கள் திட்டுவது என்னிடம் எண்ணாக வரும்.
போய்ப் பார்த்திருக்கிறேன், கோடு ஓடும் இடங்களை.
ஒரு சாக்கடை, ஒரு புங்கமரம்,
பஞ்சர் கடை.

"கடல் பட்சி இங்க எதுக்கு?" என்றான் ஹாடிபந்து.
கஞ்சாம்காரன். புயலில் கூரைகள்
எந்தத் திசையில் போகும் என்று அவனுக்குத் தெரியும்.
கேட்டுவிட்டு அவனே ஏரியைக் காட்டினான்.
மழைக்குப் பின் மதகருகே
ஆளுயரத்துக்கு வெள்ளை நுரை.
மேலிருந்து பார்த்தால்,
பசியோடு பார்த்தால்,
அலை.
பாவம், சோப்பு.

மாலையில் வந்த சிவலீலா
சமையல் தராசில் நிறுத்தாள்: நூற்று இருபத்தெட்டு கிராம்.
இருநூறையொட்டி இருக்க வேண்டுமாம்.
மத்தியை அரைத்துக் குழாயில் ஊட்டினாள்.
மங்களூரில் ஒரு டாக்டர், கடல் பக்கம்;
ராத்திரி பஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்றாள்.

வந்தது கிழக்குக் கடலிலிருந்து.
நாங்கள் அனுப்புவதோ மேற்குக்கு.
அதன் வரைபடத்தில் இரண்டும் ஒரே நீலம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துளை போட்ட ஆப்பிள் அட்டைப்பெட்டி,
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்.
தரையே வேண்டாம் என்றிருந்த பறவை
சிராடி மலைப்பாதை வளைவுகளில்
டீசல் வாசனையோடு கடலுக்குப் போனது.
கிளீனர் பையில் ஐந்நூறு ரூபாய்.
பெட்டி மேல் என் நம்பர், 'இந்தப் பக்கம் மேலே' என்று ஓர் அம்பு.

பதிவேட்டில் எழுதினேன்:
கரி ஆலா, ஒன்று, வளர்ந்தது, பெல்லந்தூர்.
கடல் இங்கிருந்து சுமார் முந்நூறு கிலோமீட்டர்.
இப்படி வந்தவற்றுக்காக யாரும் நீலம் பூசுவதில்லை.
ஒரு பெருக்கல் குறி, ஒரு தேதி.

மறுநாள் பத்து மணிக்கு மங்களூர் போனை எடுக்கவில்லை.
பதினொன்றுக்கும்.
கணினியில் முதல் புகார்:
பனத்தூர் தாண்டி ஒரு வீடு,
கோட்டுக்கு நாற்பது மீட்டர் வெளியே,
மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறார்கள்.

கோட்டைக் கொஞ்சம் இழுத்தேன்.
யாரையும் கேட்கவில்லை.
போனைத் திரை தெரிய
பக்கத்திலேயே வைத்திருந்தேன்.