குவியலா, தலைதட்டியதா

ஸோம்பாவில், மழை ஒழுகும் அலுவலகத்தின்
இரண்டாம் மாடியில்
எண்களைக் குளிப்பாட்டுவது என் வேலை.
பலோம்பே மாவட்டத்திலிருந்து வந்த
நானூற்று எட்டு வீடுகளில்
ஒன்று மட்டும் எவ்வளவு தேய்த்தும் வெளுக்கவில்லை.

எஸ்னார்ட் நமாகோனா. வயது, அவளே சொன்னபடி,
முப்பத்தெட்டு, இல்லாவிட்டால் நாற்பத்திரண்டு.
கூரை: புல். தரை: மண். ஆட்கள்: ஆறு.
கடந்த ஏழு நாளில் சமைத்த மக்காச்சோள மாவு:
பதினொரு வாளி.

ஆறு பேர் பதினொரு வாளி மாவு தின்றால்
அது வறுமைக் கணக்கெடுப்பில்லை, கல்யாணம்.
கணினி அந்த வரியைச் சிவப்பாக்கியிருந்தது.
ஒரு விசையைத் தட்டினால் போதும்,
மாவட்டச் சராசரி வந்து
அவள் பானைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

தட்டவில்லை.
மனசாட்சி ஒன்றும் இல்லை,
மின்சாரம் போய்விட்டது.

இருட்டில் லிம்பிகானியைத் தொலைபேசியில் பிடித்தேன்.
அந்த வீட்டுக்குப் போனவன் அவன்தான்.
வாளியா, கிண்ணமா?
வாளி.
குவியலா, தலைதட்டியதா?
படங்களைக் காட்டினேன், குவியலைத் தொட்டாள்.
ஏழு நாளா, எழுபது நாளா?
கொஞ்ச நேரம் அவன் சைக்கிள் சங்கிலி மட்டும் பேசியது.
சாவு வீடு, என்றான்.

ஊரே வந்து மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.
மாவும் ஊருடையதுதான்.
இருநூற்றுப் பதினொன்றாம் வீட்டில் அரை வாளி,
பதினைந்தாம் வீட்டில் இருந்ததே ஒன்று, அதுவும்,
பிறகு இரண்டு கூடை துவரை, ஒரு மூட்டை விறகு.
கொடுத்தவர்கள் அந்த வாரம்
பச்சை மாங்காயை வேகவைத்துத் தின்றதாகப் பதிவாகியிருக்கிறது.
இதற்கு எங்கள் பாடநூலில் இடர்ப்பகிர்வு என்று பெயர்,
பதினான்காம் அத்தியாயம்.
தேர்வில் அது வராது என்பார்கள்.

முதலாம் ஆண்டில்,
வளர்ச்சி என்பது தலைக்கு வருமானம் என்றெழுதி
அறுபத்திரண்டு மதிப்பெண் வாங்கினேன்.
மூன்றாம் ஆண்டில்,
அது அதுவல்ல என்றெழுதி எழுபத்தொன்பது.
இப்போது என்னிடம் இருப்பது பதினொரு வாளி.
எத்தனை தலைக்கு?

செத்தது யார் என்று கேட்டேன்.
கணவன். பிக்ஸன்.
அப்படியென்றால் ஐந்து என்றல்லவா இருக்க வேண்டும்?
ஐந்தா என்று நானும் மூன்று முறை கேட்டேன், என்றான்,
மூன்று முறையும் ஆறு என்றாள்.

ஆறால் வகுத்தால் அவள் ஏழை.
ஐந்தால் வகுத்தால், அதே மாவில்,
ஒருவன் செத்த புண்ணியத்தில்
மிச்சமிருப்பவர்கள் தலைக்குக் கொஞ்சம் பணக்காரர்கள்.
இரண்டு விடையும் சரி.
கணிதத்தின் மீது எனக்கு வருத்தம் இல்லை.
ஆனால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

வயிற்றுப்போக்கு, என்றான் லிம்பிகானி, கேட்காமலே.
ஒரு ராத்திரி. விடியும்போது இல்லை.
மருத்துவமனை எவ்வளவு தூரம்?
அதுவும் படிவத்தில் இருக்கிறதே, பார்.

மின்சாரம் வந்தபின் பார்த்தேன்.
வினா நாற்பத்து மூன்று,
அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்?
ஐம்பது.
வெள்ளையாக, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

அவள் சொன்னது அது இல்லையாம்.
பாலம் இருந்தால் ஐம்பது, என்றிருக்கிறாள்.
பாலம் போன மழையிலேயே போய்விட்டது.
கட்டத்துக்குள் எண் மட்டும்தான் ஏறும்,
'இருந்தால்' என்ற சொல்லைக் கருவி வாங்கவில்லை.
பின்னால் இன்னும் எட்டு வீடு காத்திருந்தது,
ஐம்பது என்று அடித்துவிட்டேன், அண்ணா.

பதினொன்றின் சிவப்பைக் கழற்றி
ஐம்பதுக்கு மாட்டினேன்.

காலையில் திருமதி ம்சோசா
தேநீர்க் கோப்பையோடு என் திரைக்குமுன் குனிந்தார்.
இதில் என்ன பிழை?
எல்லைக்குள்தானே இருக்கிறது?

எல்லைக்குள்தான், அம்மா.
நடுவில் ஆறு.

எந்த ஆறு என்று அவர் கேட்டார்.
எதைச் சொல்வதென்று இன்னும் யோசிக்கிறேன்.