கதவு முந்தி வந்தது

மாசியில் பின்சுவரை இடித்தோம்.
மூன்று கிழமை என்றார் மேசன் அரியரத்தினம்.
பிறகு அவருக்கு அறுவடை,
பிறகு யாரோ வீட்டு மதில்,
பிறகு மழை. தறப்பாளுக்குள்
ஏழு பை சீமெந்து கல்லாகி
இப்போது எங்களுக்குப் படிக்கட்டு.

பதினொரு பேர். ஒரு அறை, ஒரு குசினி,
மேலே தகரம் மட்டும் போட்ட வெறும் நிலம்.
மணல் கும்பியில் பெறாமகன் கணக்குச் செய்கிறான்.
சித்திரையிலிருந்து மச்சாள் என்னோடு கதையில்லை:
சோற்றுப் பானைக்குள் சாந்து விழுந்ததற்கு
நான்தான் பொறுப்பாம்.

ஆடியில் மல்லாவியிலிருந்து லாண்ட்மாஸ்டரில்
கதவு வந்தது. முதிரை, நிலையோடு.
சுவர் வரவில்லை.
தடி முண்டு கொடுத்து நிறுத்தினோம்.
ஆடு சுற்றிக்கொண்டு போகும், கோழியும்.
பிள்ளைகள் மட்டும்
தட்டிவிட்டு உள்ளே வருவார்கள்.

ஆவணியில் தம்பி நிரோசன்
வதனியைக் கட்டிக் கூட்டிவந்தான்.
அன்றிரவு இரண்டுபேரும் அந்தப் பக்கம் போய்க்
கதவைச் சாத்தினார்கள்.
கொண்டி விழுந்த சத்தம்.

மச்சாள்தான் முதலில் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
"லைற்றை நூருமன்" என்றாள்,
என்னிடம்.

மிச்சப் பத்துப் பேரும்
இருமலையும் அடக்கிக்கொண்டு
விடியுமட்டும் பிடித்திருந்தோம்
அந்தச் சுவரை.

மேசனுக்கு இன்னும் சொல்லவில்லை.