ஒரே தாளில் இரு கொண்டலாத்திகள்

புதன்கிழமை, கடை மூட இருபது நிமிடம் இருக்கையில்
ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்,
பியானோ சுமப்பவர்களைப்போல.
இத்தனைக்கும் இரண்டு சாண் படம்.

"இதை இரண்டாக வெட்ட வேண்டும்" என்றார் ரடிம்.
"கிளைக்கு நடுவே" என்றாள் லிபுஷெ.
பத்தொன்பது வருடத்தில்
அவர்கள் ஒத்துப்போன கடைசி விஷயம்
அதுவாக இருக்கலாம்.

பிர்னோவில் நான் போடுவது மரச்சட்டம்.
மற்றச் சட்டத்தை அவர்களுடைய வக்கீல்கள்
பார்த்து முடித்தாயிற்று.
பழைய புத்தகங்களைப் பிரித்துத்
தாள்தாளாக விற்பவர்கள் எல்லோரையும் தெரியும்.
ஆந்தை பல் மருத்துவருக்குப் போகும்,
கழுகு வக்கீலுக்கு,
கொக்கு ஹோட்டல் தாழ்வாரத்துக்கு.
வாத்துகள் மட்டும் மூன்று மூன்றாக,
சோபாவுக்கு மேலே.
ஒரு தாளை நடுவே வெட்டச் சொல்லி
யாரும் வந்ததில்லை.

செப்புத்தகட்டில் செதுக்கியது, கையால் வண்ணமிட்டது.
விளக்கின் முன் பிடித்தால்
தாளுக்குள் வலைபோல வரிகள் தெரியும்.
ஒன்று கொண்டையை விரித்து நிற்கிறது.
மற்றது மடக்கிக்கொண்டு, குனிந்து,
ஏதோ புழுவைப் பற்றி யோசிக்கிறது.

சண்டை எதற்கென்று அப்புறம்தான் புரிந்தது.
இருவருக்கும் வேண்டியது விரித்த கொண்டை.
"அது ஆண்" என்றார் அவர்.
"அப்படி எங்கே எழுதியிருக்கிறது?" என்றாள் அவள்.
எங்கும் எழுதியிருக்கவில்லை.
கீழே ஒற்றை லத்தீன் பெயர், ஓரத்தில் எண் பதினேழு.
கொண்டலாத்தியில் ஆணும் பெண்ணும்
பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொன்னேன்.
அது யாருக்கும் உதவவில்லை.

பின்பலகையைக் கழற்றினேன்.
துருப்பிடித்த ஆணிகள், செத்த அந்துப்பூச்சி,
தாளின் முதுகில் காவி நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.
சின்ன விரல்.
கூலிக்கு வண்ணமிட்ட பெண்ணுடையதோ,
சிறுவனுடையதோ.

கண்ணாடி போனதும் படம் வேறு மாதிரி ஆகிவிடும்.
லென்ஸை வைத்துக் குனிந்தேன்.
விரித்த கொண்டைக்கு இடது காலில்
பின்விரல் நகம் இல்லை.
மடக்கிய கொண்டைக்கும் இடது காலில்
பின்விரல் நகம் இல்லை.
வாலில் இரண்டாம் இறகு
இரண்டிலும் அதே இடத்தில் முறிந்திருந்தது.

லென்ஸை லிபுஷெயிடம் கொடுத்தேன்.
அவள் ரடிமிடம் கொடுத்தாள்.
தெருவில் டிராம் போனது,
சுவரில் வாத்துகள் நடுங்கி நின்றன.

வரைந்தவனிடம் இருந்தது ஒரே பறவை.
வைக்கோல் அடைத்தது.
ஒருமுறை இப்படி நிறுத்தி வரைந்திருக்கிறான்,
ஒருமுறை அப்படி.
தனியாக நின்றால் விலை போகாது என்று
பதிப்பாளன் சொல்லியிருப்பான்.

லிபுஷெ சிரித்தாள், பிறகு மூக்கைச் சிந்தினாள்.
"வெட்டவா?" என்றேன். கத்தி கையில்தான் இருந்தது.
"இங்கேயே இருக்கட்டும்,
யோசித்துச் சொல்கிறோம்" என்றார் ரடிம்.
அந்தப் பன்மை அவர் காதிலும் விழுந்திருக்கும்.
திருத்தவில்லை.

ஐந்து மாதமாயிற்று.
மாதத்தின் முதல் வாரம் அவர் வருகிறார்,
காப்புக் கூலி என்று ஐம்பது கொருனா வைக்கிறார்.
மூன்றாம் வாரம் அவள் வருகிறாள்,
அதே கூலி, அதே ஐம்பது.
அவளிடம் அவரைப் பற்றிச் சொல்லவில்லை.
அவரிடமும் அவளைப் பற்றி.
வெட்டுகிற பேச்சை இருவரும் எடுப்பதில்லை.
வெயில் படுகிறதா என்று மட்டும் கேட்கிறார்கள்.

படத்தான் செய்கிறது,
மாலையில், கால் மணி நேரம்.
அவர்கள் காசிலேயே
வெயில் தடுக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டேன்.
மிச்சம் பதினோரு கொருனா
ஆணி டப்பாவில் கிடக்கிறது.