யார் மூலம்

கோத்தகிரியில் எந்தத் தெருவும் நேராகப் போவதில்லை.
வர்க்கிக் கடைக்கு மேலே அந்த அறை.
பதினேழு படி, மழைக்கு வழுக்கும் மரப்படி.
பலகையில் பெ. பிரமிளா, பி.ஏ., பி.எல்.
அடுப்பிலிருந்து வனஸ்பதி வாசனை
வழக்குக் கட்டுகள் வரை ஏறி வந்திருந்தது.

“உக்காருங்க. யார் மூலமா வந்தீங்க?”

ரேஷன் அட்டைக்கு ஒருத்தர் மூலம்.
வீட்டுக்காரர் செத்த பிறகு பி.எஃப். பணத்துக்கு
இன்னொருத்தர் மூலம்.
வழக்குக்குச் சவரியப்பன் மூலம்.
நாற்பத்தாறு வயதுவரை
நான் எங்கேயும் நானாகப் போனதில்லை.

துணிப்பையை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.
“யார் மூலமும் இல்லைங்க.
மூலப்பத்திரம்தான் கொண்டாந்திருக்கேன்.”

நாலரை சென்ட்.
அப்பா சிலோனிலிருந்து கப்பலேறி வந்து
பதினோரு வருஷம் கொழுந்து கிள்ளி வாங்கியது.
வீட்டுக்குப் போகும் நடைபாதையில்
காட்டேஜ்காரர்கள் கம்பி வேலி போட்டார்கள்.
இப்போது கேஸ் சிலிண்டரைத்
தேயிலைக்குள்ளே உருட்டிக்கொண்டு போகிறேன்.
காட்டெருமை நின்றால் நானும் நிற்பேன்.
அது நகர மனசு வைக்கணும்.

“இவ்வளவு தெளிவா சொல்றீங்களே,
பழைய வக்கீல்கிட்ட இதைச் சொன்னீங்களா?”
“அவரை நான் முதுகுப் பக்கம்தான் பாத்திருக்கேன்.
சொன்னதெல்லாம் சவரியப்பன்கிட்ட.”

கேஸ் நம்பர் கேட்டார். தெரியாது.
என் பெயரைப் போனில் தட்டினார்.
ஞானசௌந்தரி, நீளமான பெயர்.
சிக்னல் வர ஜன்னலோரம் போய் நின்றார்.
வெளியே மஞ்சு இறங்கி
பஸ் ஸ்டாண்டைப் பாதி தின்றிருந்தது.

“தள்ளுபடி ஆயிருக்கு. மூணு வருஷம் ஆச்சு.
வாதி ஆஜராகலையாம்.”
“வாதின்னா யாருங்க?”
“நீங்கதான்.”

நான் ஆஜராகித்தான் இருந்தேன்.
கோர்ட்டு வாசலில், சில்வர் ஓக் மரத்தடியில்,
ஒரு நாள் கூலி போக, கையில் எழுநூறு ரூபாயோடு.
உள்ளே வராதே, ஜட்ஜுக்குப் பிடிக்காது என்பார்.
போய்விட்டு வந்து, வாய்தா என்பார்.
நானும் வாய்தா என்று நாத்தனாரிடம் சொல்வேன்.
மூன்று வருஷம்
இல்லாத வழக்குக்கு நான் தேதி தவறாமல் போயிருக்கிறேன்.

பிரமிளா சவரியப்பனைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும்.
வெள்ளைத்தாளை எடுத்து, திரும்பச் சேர்க்க ஒரு மனு என்றார்.
அதோடு தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு.
மன்னிப்பா? நானா கேட்கணும்?
“சட்டத்துல அந்த வார்த்தைதான்.
ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேப்பாங்க.
இன்னொண்ணு, எங்கிட்ட குமாஸ்தா இல்ல.
நடுவுல ஆள் வேண்டாம்னா அந்த ஆளோட வேலையும் உங்களுது.
சான்றிட்ட நகல் நீங்க வாங்கணும்.
வி.ஏ.ஓ.கிட்ட வரைபடம் நீங்க கேக்கணும்.
தேதியை நீங்க எழுதி வைக்கணும்.”

இலை எடைபோடும் கொட்டகையில்
நாற்பத்து மூன்று பேர் கிலோவை
கிராம் பிசகாமல் எழுதுகிறவள் நான்.
இத்தனை நாள் யாரும் அதைக் கேட்டதில்லை.

பைக்கடியில் மிக்சர் டப்பா.
அதில் பஸ் டிக்கெட்டுகள், கோர்ட்டுக்குப் போன நாளெல்லாம்.
எதற்குச் சேர்த்தேன் என்று தெரியாது.
கணக்குப் பார்க்கிற புத்தி.
கொட்டினோம். மெஷின் டிக்கெட், மை பறந்து போயிருந்தது.
வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
இரண்டு பேரும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
கட்டபெட்டு முதல் கோத்தகிரி வரை,
தேதி தெரிந்தவை மூன்று.

ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார்.
என் பெயரில் வந்த முதல் ரசீது. மடிக்காமல் வைத்துக்கொண்டேன்.

“மூணு போதுமாங்க?”

“தெரியாதுங்க” என்றார் வக்கீல்.

சவரியப்பனுக்குத் தெரியாதது என்று
ஏழு வருஷத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை.
படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன்.
நகல் விண்ணப்பம் நாலு மணி வரைதான் வாங்குவார்களாம்.
மூன்றேகால்.