இடமிருந்து மூன்றாவது பூதம்

எண்பத்து நாலில் பேரணாம்பட்டு மலையடியில்
மாயாஜாலப் படம் எடுத்தார்கள்.
தேவதைகளை மெட்ராஸிலிருந்து வேனில் இறக்கினார்கள்.
பூதங்களுக்கு எங்கள் தெரு போதுமாயிருந்தது.

'இதுகளுக்கு மேக்கப் வேண்டாம்,
கொம்பு மட்டும் கட்டு' என்றார் ஒருவர்.
தோல் ஷாப் நாற்றம் என்று
மூக்கைப் பொத்தியபடி கட்டினார்.
சம்பளம் இரண்டு ரூபாய், ஒரு பன்.

வெயிலில் தேவதைகளுக்குப் பவுடர் வழிந்தது.
எங்களுக்கு வழிய ஒன்றுமில்லை.

படம் வந்தது.
டென்ட் கொட்டகையில் இளவரசனுக்கு ஒரு விசில் இல்லை.
நாங்கள் செத்து விழுந்த இடத்தில்
திரும்பப் போடச் சொல்லிக் கத்தினோம்.
சலோமி மட்டும் திரையருகே ஓடித்
தன் பிணத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தக் காட்சியை நேற்று போனில் அனுப்பியிருந்தாள்.
பெரிதாக்கி, மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்:
செத்த பிறகும்
சிரிப்பை அடக்க முடியாமல்
அவள் வயிறு குலுங்குகிறது.